இதயத்துக்குள் வரைபடம் வந்த கதை

1/
கொஞ்சம் நீளமான த்ரெட் இது. ராத்திரி சாப்பாடு முடிச்சுட்டு நிதானமா படிங்க. இதயத்துடிப்பு தாறுமாறா ஓடுற ஒரு நோய், அதைச் சரிபண்ண டாக்டர்கள் இதயத்துக்குள்ள வரைபடம் போடக் கத்துக்கிட்ட வரலாறு, அந்தப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்ங்கிற கேள்வி. மூணும் இதுல இருக்கு.

2/
போன வாரம் ஆர்.எஸ்.புரத்துல என் கிளினிக்குக்கு வடவள்ளி பக்கத்துல இருந்து ஒருத்தர் வந்தார். 63 வயசு. மில்லுல மேஸ்திரியா இருந்தவர். மில் மூடின பிறகு ரெண்டு ஏக்கர் தோட்டத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கார். பிரஷர், சுகர் ரெண்டும் உண்டு. மூணு வருஷமா அப்பப்போ படபடப்பு வந்து போகுது. ஈசிஜியில ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு உறுதியாகியிருக்கு. (ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன்.)

3/
போனை நீட்டினார். மகன் அமெரிக்காவுல இருந்து வாட்ஸ்அப்ல அனுப்பின படம். நீலமும் சிவப்பும் கலந்த முப்பரிமாண இதயம். "ஏனுங்க டாக்டர், ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டா கெட்ட எடமெல்லாம் செவப்பாத் தெரியுமாமா. அதையெல்லாம் சுட்டுப்போட்டா சரியாயிருமுங்களா? அரை ஏக்கரைக் குடுத்துரலாம்னு இருக்கறேனுங்க. அப்புறம் இந்த ரத்தம் ஒறையாத மாத்திரைய நிறுத்திக்கலாமுங்களா?"

அரை ஏக்கர் நிலம், ஒரு மாத்திரை. ரெண்டுமே சின்ன விஷயம் இல்ல. அவர்கிட்ட அரை மணி நேரம் பேசினதைத்தான் விரிவா எழுதுறேன்.

4/
முதல்ல நோய். இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. வலது மேலறையில இருக்கிற சைனஸ் கணு நிமிஷத்துக்கு 60 முதல் 100 தடவை மின்சாரத் தூண்டல் கொடுக்கும். மேலறை சுருங்கும், அடுத்து கீழறை சுருங்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்ல மேலறைகள் நிமிஷத்துக்கு 350க்கு மேல, 600 வரைக்கும்கூட, ஒழுங்கே இல்லாம துடிக்கும். துடிப்புன்னு சொல்றதே தப்பு, நடுங்கும். நடுவுல இருக்கிற ஏவி கணு அதுல கொஞ்சத்தை மட்டும் கீழ விடும். அதனாலதான் நாடி ஒரு கணக்கே இல்லாம ஓடுது.

5/
நடுங்குற அறையில ரத்தம் தேங்கும். இடது மேலறையோட ஓரத்துல ஒரு சின்னப் பை மாதிரி இடம் இருக்கு. அதுல கட்டி உருவாகும். அது கிளம்பி மூளைக்குப் போனா பக்கவாதம். இந்த நோய் இருந்தா பக்கவாத வாய்ப்பு சுமார் 5 மடங்குன்னு அமெரிக்காவோட ஃப்ராமிங்ஹாம் ஆய்வு 1991லயே சொல்லிடுச்சு.

6/
எனக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்ல. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ ஒரு அம்மா மூச்சு வாங்குதுன்னு வந்தாங்க. 40 வயசுகூட இருக்காது. கூட்டமான ஓபி. நான் நாடியை 15 நொடி எண்ணி, நாலால பெருக்கி, சீட்டுல எழுதி அனுப்பிட்டேன். ஒழுங்கா ஓடுதான்னு கவனிக்கல. கொஞ்ச நாள்லயே ஒரு பக்கம் செயலிழந்து, பேச்சு போய் திரும்ப வந்தாங்க. ரூமாட்டிக் காய்ச்சல்ல மைட்ரல் வால்வு சுருங்கி, அதனால வந்த ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ஒரு நிமிஷம் முழுசா எண்ணியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அந்த 45 நொடியை நான் இன்னும் மறக்கல.

7/
இப்போ வரலாறு. தாறுமாறான நாடியை மனுஷன் ரொம்ப காலமா கவனிச்சிருக்கான். 1785ல இங்கிலாந்துல வில்லியம் விதரிங் டிஜிடாலிஸ் செடியைப் பத்தி எழுதினார். இன்னைக்கு நாம கொடுக்கிற டிகாக்ஸின் அந்தச் செடிக் குடும்பத்துல இருந்து வந்ததுதான். ஆனா எந்த அறையில கோளாறுன்னு யாருக்கும் தெரியல. ஹாலந்துல ஐந்தோவன் ஈசிஜி கருவியை உருவாக்கி, 1906ல இந்த மாதிரி நாடியோட பதிவை வெளியிட்டார். 1909ல லண்டன்ல தாமஸ் லூயிஸ், கோளாறு மேலறை நடுக்கம்தான், அதுவும் அபூர்வமில்ல, சாதாரணமா வர்றதுன்னு காட்டினார். ஐந்தோவனுக்கு 1924ல நோபல்.

8/
நோய் எதுன்னு தெரிஞ்சாலும் எங்க இருந்து கிளம்புதுன்னு தெரியல. அடுத்த 70, 80 வருஷம் பெரும்பாலும் மாத்திரைதான். 1987ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல ஜேம்ஸ் காக்ஸ்ங்கிற சர்ஜன் துணிஞ்சு ஒரு காரியம் பண்ணினார். நெஞ்சைத் திறந்து, மேலறைச் சுவரைப் பல கோடுகளா வெட்டித் திரும்பத் தச்சார். தழும்பு வழியா மின்சாரம் போகாது. நடுக்கம் சுத்தி வர இடமே இல்லாம போயிடும். பேரு மேஸ் ஆபரேஷன், அதாவது புதிர்ப்பாதை.

9/
நம்ம மேஸ்திரிக்கு இது உடனே புரிஞ்சது. "வரப்புக் கட்டி தண்ணிய மறிக்கறாப்ல." அதேதான். தழும்புதான் வரப்பு. இந்த வரப்பை இனிமே மறக்காதீங்க, கதை முழுக்க வரும்.

10/
வேலை செஞ்சது. ஆனா நெஞ்சைப் பிளந்து, இதயத்தை நிறுத்திப் பண்ற ஆபரேஷனை எத்தனை பேருக்குப் பண்ண முடியும்? அதே காலத்துல தொடை வழியா கத்தீட்டர் விட்டு, ரேடியோ அலைச் சூட்டுல இதயத்துக்குள்ள ஒரு புள்ளியைச் சுடுற முறை வளர்ந்துச்சு. அதுதான் அப்லேஷன். பிறவியிலேயே கூடுதல் மின்பாதை இருக்கிறவங்களுக்கு 1990கள்ல இது பிரமாதமா வேலை செஞ்சது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் முயற்சி பண்ணினாங்க. எங்க சுடறதுன்னு தெரியாம திணறினாங்க.

11/
பதில் ஃபிரான்ஸ்ல இருந்து வந்துச்சு. 1998 செப்டம்பர்ல போர்தோ நகரத்து மிஷெல் ஐசகேர் குழு 45 நோயாளிகளோட ஆய்வை வெளியிட்டாங்க. நடுக்கத்தைத் தூண்டிவிடுற 69 புள்ளிகளைக் கண்டுபிடிச்சாங்க. அதுல 65, அதாவது 94 சதவீதம், நுரையீரல்ல இருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டு வர்ற பல்மனரி சிரைகளுக்குள்ள இருந்துச்சு. அறைக்குள்ளயே தேடிக்கிட்டு இருந்த திருடன் வாசல்ல நின்னிருந்தான். இந்த ஒரு கட்டுரை மொத்தத் துறையையும் திருப்பிப் போட்டுச்சு.

12/
அப்போ சிரைக்குள்ளயே போய்ச் சுட்டுடலாமே? அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. சுட்ட சிரைகள்ல சில சுருங்கி அடைச்சுக்கிச்சு. நோயாளிக்கு மூச்சுத்திணறலும் ரத்த இருமலும் வந்துச்சு. அதனால சிரைக்குள்ள போகாம, அது மேலறையில திறக்குற வாயைச் சுத்தி வட்டமா வரப்புக் கட்டலாம்னு முடிவு பண்ணினாங்க. 2000ல மிலான்ல கார்லோ பப்போனே குழு இதைப் பரவலாக்குச்சு. இன்னைக்கும் அடிப்படை இதுதான்.

13/
ஆனா வாய் எங்க இருக்கு? எக்ஸ்ரே திரையில இதயத்தோட வெளிநிழல் தெரியும், கத்தீட்டரோட கம்பி தெரியும். மேலறையோட உட்சுவர் தெரியாது. அந்தச் சுவர் சில இடங்கள்ல 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதுக்குப் பின்னாடி ஒட்டினாப்ல உணவுக்குழாய். எல்லாருக்கும் நாலு சிரைன்னும் சொல்ல முடியாது. சிலருக்கு இடது பக்க ரெண்டும் சேர்ந்து ஒரே வாய். சிலருக்கு வலது பக்கம் கூடுதலா ஒண்ணு. வரைபடம் இல்லாம இந்த வேலை ஆகாதுன்னு ஆயிடுச்சு.

14/
வரைபடம்னா எனக்கு ஒரு சென்னைக் கதை ஞாபகம் வரும். 1802ல பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் சுமார் ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு ஒரு அடிக்கோட்டை அளந்தார். அதோட ரெண்டு முனையில இருந்து ஒரு தூரத்துப் புள்ளியோட கோணத்தை அளந்தா, அங்க போகாமலே தூரம் கிடைக்கும். முக்கோணம் மேல முக்கோணமா இந்தியா முழுக்க அளந்த மாபெரும் நில அளவை இப்படித்தான் தொடங்குச்சு.

15/
1990கள்ல இஸ்ரேல்ல ஷ்லோமோ பென்-ஹைம் குழு இதே அடிப்படையை இதயத்துக்குக் கொண்டு வந்தாங்க. நோயாளி படுத்திருக்கிற மேஜைக்கு அடியில மூணு காந்தச் சுருள். கத்தீட்டர் நுனியில ஒரு சின்ன உணரி. மூணு காந்தப் புலத்தோட பலத்தையும் வச்சு நுனி எங்க இருக்குன்னு கணினி சொல்லிடும். கத்தீட்டர் சுவரைத் தொடற ஒவ்வொரு இடமும் ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தா அறையோட வடிவம். அந்தந்த இடத்து மின்சாரத்தை நிறமாக் காட்டினா மின்வரைபடம். இதுதான் கார்ட்டோ. 1996, 97ல ஆய்வுக் கட்டுரைகள் வந்துச்சு. 97லயே ஜான்சன் அண்ட் ஜான்சன் அந்தக் கம்பெனியை வாங்கிடுச்சு.

16/
மின்புலத்தை வச்சு இடம் கண்டுபிடிக்கிற என்சைட் முறையும் வந்துச்சு. ஆரம்பத்துல ஒவ்வொரு புள்ளியா தொட்டுத் தொட்டு ஒரு படம் போட ரொம்ப நேரம் ஆகும். இன்னைக்குப் பல மின்முனை உள்ள கத்தீட்டர் சில நிமிஷத்துல ஆயிரக்கணக்கான புள்ளி எடுத்துடும். எக்ஸ்ரே நேரமும் வெகுவா குறைஞ்சிடுச்சு. நோயாளிக்கும் நல்லது, தினமும் ஈய அங்கி மாட்டிக்கிட்டு நிக்கிற டாக்டர் முதுகுக்கும் நல்லது.

17/
அடுத்து ஸ்கேன். 2000களோட நடுவுல ஒரு யோசனை செயலுக்கு வந்துச்சு: முன்கூட்டியே எடுத்த சிடி அல்லது எம்ஆர்ஐ படத்துல இருந்து இடது மேலறையை மட்டும் மென்பொருள்ல பிரிச்சு எடுத்து, கத்தீட்டர் போடற படத்து மேல பொருத்தறது. தொட்டுத் தடவிப் போட்ட கோட்டுப் படத்துக்கு மேல அசல் உடற்கூறு வந்து உட்கார்ந்துச்சு. எத்தனை சிரை, எந்தக் கோணம், உணவுக்குழாய் எங்க போகுது, எல்லாம் முன்னாடியே தெரியும். 2004ல மேலறைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவுல ஓட்டை விழுந்து உயிர் போன நிகழ்வுகள் பதிவானதுக்கு அப்புறம் அந்தக் கடைசி விவரம் எவ்வளவு முக்கியம்னு எல்லாருக்கும் உறைச்சது.

18/
லாம்டன் கதைக்கு ஒரு பின்குறிப்பு இருக்கு. 1808ல தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்து மேல அரை டன் எடையுள்ள கோணமானியை ஏத்தும்போது கயிறு அறுந்து, கருவி சுவர்ல மோதி நெளிஞ்சு போச்சு. நெளிஞ்ச கருவியில அளந்தா மொத்த முக்கோணமும் தப்பு. ஆறு வாரம் உட்கார்ந்து அதைச் சரிபண்ணிட்டுத்தான் மேல நகர்ந்தார்.

19/
ஸ்கேனைப் பொருத்தறதுலயும் இதே சிக்கல். நேத்து எடுத்த சிடியில இருக்கிற மேலறை வேற, இன்னைக்கு மேஜையில இருக்கிற மேலறை வேற. மூச்சு இழுத்தா நகரும். சலைன் ஏறினா விரியும். நேத்து துடிப்பு சரியா இருந்து இன்னைக்கு நடுங்கினா வடிவமே மாறும். பொருத்தறதுல சில மில்லிமீட்டர் பிசகு வரும். சுவரோட கனமே 2, 3 மில்லிமீட்டர்தான்! ஸ்கேன் படத்தை இணைச்சா நோய் திரும்ப வர்றது குறையுதான்னு பார்த்த ஆய்வுகளும் ஒரே பதிலைச் சொல்லல. அதனாலதான் இப்போ பல இடங்கள்ல இதயத்துக்குள்ளயே ஒரு குட்டி எக்கோ குழாயை வச்சு, அந்த நிமிஷத்துப் படத்தை நேர்ல பார்த்துக்கிட்டே பண்றாங்க.

20/
இப்போ வாட்ஸ்அப் படத்துக்கு வருவோம். அந்தச் சிவப்பு என்ன? காடோலினியம் ஊசி போட்டு எம்ஆர்ஐ எடுத்தா, மேலறைச் சுவர்ல நார்த்திசுவா மாறின தழும்பு தனியாத் தெரியும். மென்பொருள் அதுக்கு நிறம் கொடுக்குது. அமெரிக்காவுல யூட்டாவுல நாசிர் மரூஷ் குழு இதுல முன்னோடி. தழும்பு அதிகமா இருந்தா அப்லேஷனுக்கு அப்புறமும் நோய் திரும்ப வர வாய்ப்பு அதிகம்னு 2014ல பல நாட்டு ஆய்வுல காட்டினாங்க. நல்ல ஆய்வு. இதுல இருந்து வந்த அடுத்த யோசனை நம்ம மேஸ்திரியோட கேள்வியேதான்: அப்போ அந்தத் தழும்பையும் சேர்த்துச் சுட்டுடலாமா?

21/
அதே குழு சோதிச்சுப் பார்த்தாங்க. 2022ல முடிவு வந்துச்சு. 843 நோயாளிகள். ஒரு பாதிக்குச் சிரைவாய் வரப்பு மட்டும். இன்னொரு பாதிக்கு அதோட எம்ஆர்ஐ காட்டின தழும்பையும் சுட்டாங்க. நோய் திரும்பினது: சிரை மட்டும் 46.1 சதவீதம், தழும்பும் சேர்த்து 43.0 சதவீதம். புள்ளியியல் படி வித்தியாசம் இல்ல. ஆனா கூடுதலாச் சுட்ட பக்கம் 6 பேருக்கு பக்கவாதம். சிரை மட்டும் சுட்ட பக்கம் ஒருத்தருக்கும் இல்ல.

இந்த வரியை ரெண்டு தடவை படிங்க. படம் பொய் சொல்லல. தழும்பு அங்க நிஜமாவே இருந்துச்சு. "தெரியுது, அதனால சுடு"ங்கிற முடிவுதான் தப்பாப் போச்சு.

22/
இது முதல் தடவையும் இல்ல. 2015ல 589 பேர்கிட்ட நடந்த ஸ்டார் ஏஎஃப் 2 ஆய்வுல, சிரைவாய் வரப்போட கூடுதல் கோடுகள் போட்டோ, கணினி காட்டின சிக்கலான சிக்னல் இடங்களைச் சுட்டோ பார்த்தாங்க. கூடுதல் பலன் இல்ல.

இதைச் சொன்னதும் மேஸ்திரி சிரிச்சார். "அப்ப வரப்புல எலி வளைய அடைக்கறதுதானுங்க வேலை. காடு பூராத் தீ வெக்கறது இல்லீங்க." நான் இதைவிடச் சுருக்கமா சொல்லிட முடியாது. நோய் திரும்ப வர்றவங்கள்ல பல பேருக்கு, கட்டின வரப்புல எங்கயோ ஒரு இடைவெளிதான் காரணம்.

23/
அதுக்காக மென்பொருள் வேஸ்ட்னு எடுத்துக்காதீங்க. பார்சிலோனாவுல அந்தோனியோ பெருயெஸோ குழு, சிடியில சுவரோட கனத்தை அளந்து, மெலிசான இடத்துல குறைவாவும் தடிச்ச இடத்துல அதிகமாவும் சூடு வைக்கிற முறையைக் கொண்டு வந்திருக்காங்க. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல நடாலியா ட்ரயனோவா குழு 2019ல 10 நோயாளிகளோட எம்ஆர்ஐயை வச்சு கணினியில அவங்க மேலறையை உருவாக்கி, முதல்ல கணினிக்குள்ள சுட்டுப் பார்த்தாங்க. 2025ல வந்த ஒரு ஆய்வுல, நீடிச்ச நோய் உள்ள 374 பேர்ல, செயற்கை நுண்ணறிவு காட்டின இடங்களையும் சேர்த்துச் சுட்டப்போ ஒரு வருஷத்துல ஃபிப்ரிலேஷன் இல்லாம இருந்தவங்க 88 சதவீதம், சிரை மட்டும் 70 சதவீதம். ஆனா எல்லா வகைத் துடிப்புக் கோளாறையும் சேர்த்து, ஒரே சிகிச்சைக்கு அப்புறம்னு பார்த்தா பெரிய வித்தியாசம் இல்ல. பாதை போய்க்கிட்டு இருக்கு, ஊர் இன்னும் வரல.

24/
நம்ம நாட்டுக்குன்னு ஒரு விஷயம் சொல்லணும். மேல சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் பிரஷர், வயசு, உடல் எடை இதனால நோய் வந்தவங்ககிட்ட நடந்தது. இந்திய இதயத் துடிப்புச் சங்கத்தோட பதிவேட்டுல சராசரி வயசே 55ஐ ஒட்டித்தான். பாதிக்கு நெருங்கினவங்களுக்கு ரூமாட்டிக் வால்வு நோய். அவங்களுக்கு முதல் வேலை வால்வு, அடுத்தது ரத்த உறைவு மாத்திரை. அதுலயும் கவனம்: 2022ல வந்த இன்விக்டஸ் ஆய்வுல ரூமாட்டிக் நோயாளிகளுக்குப் புது மாத்திரையான ரிவராக்ஸபானைவிட பழைய வார்ஃபரின் வகைதான் உயிரைக் காப்பாத்துச்சு. ஆசிட்ரோம் அந்த வகைதான். "பழசுங்க, மாத்திக் குடுங்க"ன்னு கேக்காதீங்க. ஐஎன்ஆர் டெஸ்ட்டை விட்டுடாதீங்க.

25/
சரி, அப்லேஷன் யாருக்கு? மாத்திரை போட்டும் படபடப்பு அடங்காதவங்களுக்கு நல்லா உதவும். இதயம் பலவீனமான சிலருக்கு மரணமும் ஆஸ்பத்திரி அட்மிஷனும் குறையுதுன்னு 2018 காசில் ஆய்வு காட்டுச்சு. ஆனா 2,204 பேரை வச்சு நடந்த கபானா ஆய்வுல (2019) மரணம், பக்கவாதம் போன்றவை மொத்தத்துல தெளிவாக் குறையல. வாழ்க்கைத் தரம் மேம்பட்டுச்சு. வந்து வந்து போற வகைக்கு ஒரு தடவை பண்ணினா ஒரு வருஷத்துல பத்துல ஏழு பேர் அளவுக்கு நல்லா இருப்பாங்க. நீடிச்ச வகைக்கு அதைவிடக் குறைவு. இதயத்தைச் சுத்தி ரத்தம் கசியறது மாதிரி ஆபத்து சுமார் நூத்துல ஒருத்தருக்கு.

26/
பண்ணிக்கப் போறவங்க டாக்டர்கிட்ட இந்த நாலு கேள்வியைக் கேளுங்க. ஒண்ணு: எனக்கு வந்து போற வகையா, நீடிச்ச வகையா? ரெண்டு: சிரைவாய் மட்டும்தானா, வேற இடமும் சுடுவீங்களா, எதனால? மூணு: பண்றதுக்கு முன்னாடி அந்தச் சின்னப் பையில கட்டி இல்லன்னு எப்படிப் பார்ப்பீங்க? நாலு: திரும்ப வந்தா என்ன திட்டம்? நல்ல டாக்டர் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

27/
மாத்திரை? அப்லேஷனுக்கு அப்புறம் குறைஞ்சது 2, 3 மாசம் கட்டாயம். அதுக்கு மேல, துடிப்பு சரியாச்சாங்கிறதை மட்டும் வச்சு முடிவு பண்றது இல்ல. வயசு, பிரஷர், சுகர், முன்னாடி பக்கவாதம் வந்திருக்கா, எல்லாத்தையும் சேர்த்து உங்க டாக்டர் முடிவு பண்ணுவார். இதுல ஆய்வுகள் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. நீங்களா நிறுத்தக்கூடாது. அவ்வளவுதான்.

28/
மேஸ்திரிக்கு என்ன சொன்னேன்? "நிலத்தை இப்போ விக்காதீங்ணா. மூணு மாசம் பிரஷர், எடை ரெண்டையும் பிடிப்போம். குறட்டை விடறீங்கன்னு வீட்ல சொல்றாங்க, தூக்கத்துல மூச்சு அடைக்குதான்னு டெஸ்ட் பண்ணுவோம். இதயத் துடிப்பு நிபுணரைப் பாருங்க. அப்லேஷன் வேணும்னு அவர் சொன்னா சிரைவாய்க்கு மட்டும் பண்ணிக்கங்க. அந்தச் செவப்புப் படத்துக்காகத் தனியா செலவு பண்ண வேண்டாம். மாத்திரை நிக்கவே கூடாது." பக்கத்துல இருந்த அவங்க வீட்டம்மா, நிலம்னு சொன்னதும் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டுச்சு.

29/
கடைசியா, இதைப் படிக்கிற நீங்க. வீட்ல 60 தாண்டினவங்க இருந்தா, இன்னைக்கே அவங்க மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கம் மூணு விரலை வச்சு நாடியைப் பாருங்க. 15 நொடி எண்ணிப் பெருக்க வேண்டாம். முழுசா ஒரு நிமிஷம். எத்தனைங்கிறதைவிட, ஒரே தாளத்துல ஓடுதான்னு கவனிங்க. தாறுமாறா இருந்தா மறுநாளே ஒரு ஈசிஜி எடுங்க. ரொம்பச் செலவு ஆகாத டெஸ்ட்தான்.

பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, ஓபி முடிச்சுட்டு வந்து பதில் போடறேன்.